கத்திக்கும் வயிறு உண்டு

எங்கள் தோட்டத்தில் இராமசாமிக்கு இருந்த பெயர் அவர் சம்பாதித்தது இல்லை என்று ஆறு வருஷமாக எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று என்னைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் ராசம்மா. இலங்கை மலைநாட்டில், ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறுகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தேன். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போவது என்னிடம்தான். எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவள் என்பதால் வரிசை வீட்டில், லயத்தில், இருக்கிறவர்களுக்குக் கடுதாசி எழுதுவது, மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்வது எல்லாம் என் தலையில் விழுந்தது. இந்தக் கதையில் வரப்போகும் வம்புக்கும் என் எழுத்துதான் காரணம். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சுந்தரம்மா இராமசாமியின் மனைவி. மெலிந்த உடம்பு, அளந்த பேச்சு. யட்டவத்த பக்கத்தில் ஒரு கொக்கோத் தோட்டத்தில் பிறந்து, பத்து வயதிலிருந்து அம்மாவோடு உட்கார்ந்து காய் உடைத்தவள். கொக்கோக் காயை உடைக்க மெல்லிய கத்தி உதவாது என்பாள். மெல்லிய கத்தி ஒரேயடியாக உள்ளே இறங்கி விதையையும் சேர்த்து வெட்டிவிடுமாம். வாய் கூராக இருக்க வேண்டும், ஆனால் வாய்க்குப் பின்னால் இரண்டு பக்கமும் லேசாக உருண்டிருக்க வேண்டும், மீனுடைய வயிறு மாதிரி. அப்போதுதான் வாய் தொட்ட இடத்தை வயிறு பிளந்து தள்ளும். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி இங்கே வந்தபோது அவள் கொண்டுவந்த சீதனத்தில் உருப்படியானது இந்த அறிவு ஒன்றுதான்.

இங்கே வந்தால் கவ்வாத்துக் கத்தியைத் தொடவே கூடாது என்றார்கள்.

தேயிலைச் செடியை மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுவார்கள், வருஷத்துக்கு ஒரு மலையாக முறைவைத்து. அதுதான் கவ்வாத்து. ஆண்களின் வேலை. விறகு மாதிரி இறுகிப்போன கிளையைச் சாய்வாக ஒரே வெட்டில் எடுக்க வேண்டும். கிளை பிளந்தால் தண்ணீர் இறங்கிச் செடி அழுகும். பிளந்ததைக் கணக்குப்பிள்ளை பார்த்துவிட்டால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். இந்த வேலைக்கான கத்தியில் பெண்பிள்ளை கை பட்டால் வெட்டின செடி துளிர்க்காது என்று எங்கள் தோட்டத்தில் ஒரு சாஸ்திரம் இருந்தது. யார் எழுதிவைத்த சாஸ்திரம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் கணபதி என்று ஓர் ஆள் இருந்தார், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, தான் பக்கத்தில் இருந்து எழுதியதுபோலச் சொல்வார். வெட்டின செடியில் திரும்பக் கொழுந்து எடுப்பது நாங்கள்தான், அப்போது மட்டும் பெண்பிள்ளை கை ஆகுமாம்.

பிரட்டுக்களத்தில், காலையில் ஆட்கள் கூடுகிற இடத்தில், பெரிய தீட்டுகல் ஒன்று கிடந்தது. ஆண்கள் அதில்தான் தீட்டுவார்கள். கல் தட்டை, கத்தியின் வாயும் தட்டையாகவே தேயும். கையில் வைத்துப் பார்த்தால் சவரக்கத்தி தோற்றுப்போகும். வயதான செடியில் நாலு வெட்டுப் போட்டால் வாய் பொரிந்து பல்லுப் பல்லாய்ப் போய்விடும். இராமசாமிக்கு அது நாளுக்கு இரண்டு தடவை நடக்கும். நல்ல மனுஷன், கைதான் வராது. எழுபத்தொன்பதாம் வருஷம் ஒரே வாரத்தில் மூன்று அரைப் பேர் வாங்கிக்கொண்டு வந்து, கத்தியைத் தங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் மூலையில் எறிந்துவிட்டு, சாப்பிடாமல் முகட்டைப் பார்த்துப் படுத்துக்கொண்டாராம். அடுத்த நாள் ஞாயிறு. அவர் கடைக்குப் போன நேரம் பார்த்துச் சுந்தரம்மா அந்தக் கத்தியை எடுத்தாள்.

அவள் செய்தது இதுதான். தேய்ந்துபோன ரப்பர் செருப்பு ஒன்றைக் கவிழ்த்து, உருண்டையான விறகுக் கட்டையின் முதுகில் வளைத்து வைத்தாள். தச்சர்கள் பலகை தேய்க்கிற மணல் கடுதாசியை அதன்மேல் விரித்தாள். கத்தியின் முதுகு முன்னால் போக, வாய் பின்னால் வர, தன் பக்கமாக இழுத்தாள். எதிர்ப்பக்கம் தள்ளினால் வாய் கடுதாசியைக் கிழித்துவிடும். ரப்பர் கொஞ்சம் அமுங்கிக் கொடுப்பதால் கடுதாசி கத்தியின் கன்னத்தைத் தழுவிக்கொண்டு தேய்க்கும். தோளெல்லாம் உருண்டு, வாய்க்குப் பின்னால் வயிறு வந்துவிடும். வளைந்த கவ்வாத்துக் கத்திக்கு வளைந்த கட்டை பொருந்தியும் போனது. கடைசியில் பழைய இடுப்பு வாரில் நாலு இழுப்பு இழுத்துப் பிசிரை எடுத்தாள். திங்கட்கிழமை வேலைக்குப் புறப்படும்போது இராமசாமி ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் முழுப் பேரோடு வந்தும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே.

பிறகு பொன்னையா கேட்டார், பழனிமுத்து கேட்டார். "ராமசாமிண்ணே, எனக்கும் தீட்டிக் குடுங்கண்ணே." இவரும் மீசையைத் தடவிக்கொண்டு, "வீட்டுக்கு அனுப்பு, நான் ஆற அமரத் தீட்டித் தர்றேன்" என்றார். கத்திகள் பெண்சாதிமார் கையில் சாக்கில் சுருட்டிப் பிள்ளைக்காம்பராவுக்கு வரும். கை படக்கூடாது, சாக்குப் படலாம். அங்கிருந்து சுந்தரம்மா எடுத்துப்போவாள். யார் கத்தி, எங்கே கோளாறு என்று மறக்காமலிருக்க ஒவ்வொரு பிடியிலும் நான் ஒரு கடுதாசித் துண்டு எழுதிக் கட்டுவேன். நுனிக்கு மூக்கு என்றும், பிடியை ஒட்டிய இடத்துக்குக் கழுத்து என்றும், வாய்க்குப் பின்னால் உருள்வதற்கு வயிறு என்றும் எங்கள் இரண்டு பேருக்குள் ஒரு பாஷை. ஆறு கவ்வாத்துக் காலம் இப்படியே போனது. செடியெல்லாம் மளமளவென்று துளிர்த்தது. கணபதியின் சாஸ்திரத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

எண்பத்தைந்தாம் வருஷம் கவ்வாத்துத் தொடங்க நாலு நாள் இருக்கும்போது, விடியற்காலையில் பொலிஸ் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த கலவரத்தில் இதே லயத்தில் ஏழு காம்பராவை யாரோ எரித்துவிட்டுப் போனார்கள். அப்போது கூப்பிட்டும் வராதவர்கள், எரிபட்டவர்களிடம் ஆயுதம் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் தவறாமல் வந்தார்கள். சுந்தரம்மா காம்பராவில் கட்டிலுக்குக் கீழே பதினொரு கத்தி இருந்தது. எல்லாம் பளபளவென்று தீட்டியவை, எல்லாவற்றிலும் துண்டு. கத்திகளையும் அள்ளிக்கொண்டு, வெற்று மேலோடு நின்ற இராமசாமியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த நாளில் அப்படி ஏறிப் போனவர்களில் ஒரு வாரத்தில் வந்தவர்களும் உண்டு, ஒரு வருஷமாகியும் வராதவர்களும் உண்டு.

தபால் எடுக்கப் போன ஆள் பத்து மணிக்குச் செய்தி கொண்டுவந்தார். பாதையோரக் காவல் நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருந்த சாலிஹ் நானா சொல்லி அனுப்பியது. எங்களுக்கு மணல் கடுதாசி விற்பவரும் அவர்தான். துண்டுகளை வாசித்துச் சிங்களத்தில் சொல்ல அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எழுதியிருந்ததை அப்படியே சொல்லியிருக்கிறார். கணபதி, கழுத்து. பழனிமுத்து, வயிறு. பொன்னையா, மூக்கு. திங்களுக்குள் முடிக்கணும்.

அந்தக் கடைசி வரியும் என் கைதான். கவ்வாத்து திங்கட்கிழமை தொடங்குகிறது என்பதற்காக எழுதினேன். இப்போது அதைக் கேட்டபோது, நானே பொலிஸ் சார்ஜனாக இருந்தாலும் ஆளைப் பிடித்து உள்ளே போட்டிருப்பேன் என்று தோன்றியது.

சுந்தரம்மா பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. "அக்கா, அந்தத் துண்டு ஒங்க எழுத்து. எங்கூட வர்றீங்களா?" என்றாள்.

"புள்ளைகள விட்டுட்டு எப்படிடி வர்றது?" என்றேன்.

பொய். பக்கத்துக் காம்பராக் கிழவியைக் கூப்பிட்டால் பார்த்துக்கொள்வாள். நான் பயந்தேன். உடம்பெல்லாம் வேர்க்கப் பயந்தேன். அவள் சேலை முந்தானையைச் சொருகிக்கொண்டு பாதையில் இறங்கிவிட்டாள். காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. அது டப்பு டப்பென்று போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பாலத்தடியில்தான் அவளை ஓடிப் பிடித்தேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

காவல் நிலைய முற்றத்தில் இராமசாமி குந்தியிருந்தார். உதடு வீங்கியிருந்தது. முன்னால் தீட்டுகல், கையில் ஒரு கத்தி. சாலிஹ் நானா தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக ஓரத்தில் நின்றார். எங்களைக் கண்டதும் கிட்ட வந்து, "தங்கச்சி, வாசிக்கச் சொன்னாங்க, வாசிச்சேன். அல்லாஹ்வுக்காக, நான் வேற என்னத்தச் சொல்ல?" என்று கண் கலங்கினார். நடந்ததையும் சொன்னார். தான் கத்தி தீட்டுகிறவன், இதெல்லாம் தோட்டக் கத்தி என்று இராமசாமி சொல்லியிருக்கிறார். அப்படியானால் தீட்டிக் காட்டு என்று சார்ஜன் கல்லை வரவழைத்திருக்கிறார்.

ஆறு வருஷமாகத் தோட்டத்திலேயே பெரிய தீட்டுகாரர் என்று பெயர் வாங்கிய மனுஷன் அரை மணி நேரமாகக் கல்லில் உரசிக்கொண்டிருந்தார். நல்ல வாயையும் மழுக்கிவிட்டார். சார்ஜன் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தியை எறிந்தார். "இவனுக்குத் தீட்டவே தெரியாது. பொய் சொல்கிறான். யாருடைய கழுத்து? யாருடைய வயிறு?" என்று சிங்களத்தில் கத்தினார். சிங்களம் எனக்கும் கொஞ்சம் தெரியும். அப்போது தெரியாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

"துண்டு எழுதினது நாந்தாங்க ஐயா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. சாலிஹ் நானா உரக்கச் சொன்னார். சார்ஜன் என் பக்கம் திரும்பி, ஒரு கையை இடுப்பு வாரில் வைத்தார். அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை. ஊருக்கே வாயாடி, தேவைப்பட்ட நேரத்தில் ஊமை.

அப்போதுதான் சுந்தரம்மா குனிந்து, வலது காலிலிருந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.

ஒரு பெண்பிள்ளை ஆம்பளை முன்னால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இராமசாமி "ஐயோ, புள்ள!" என்று பாதி எழுந்துவிட்டார். ஒரு கொன்ஸ்டபிள் துவக்கை நிமிர்த்தினான். சார்ஜன் ஓரடி பின்னால் வைத்தார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது அவள் முற்றத்து ஓரத்தில், பொலிஸ்காரர்களின் சமையலறையான குசினி வாசலில் உட்கார்ந்திருந்தாள். அடுக்கி வைத்திருந்த விறகில் உருண்டையாக ஒன்றை எடுத்து, அதன்மேல் செருப்பைக் கவிழ்த்து வளைத்தாள். மடியிலிருந்து மணல் கடுதாசியை எடுத்து விரித்தாள். இராமசாமி மழுக்கிய கத்தியை எட்டி எடுத்துத் தன் பக்கமாக இழுக்கத் தொடங்கினாள். சரக், சரக், சரக். அவள் யாரையும் பார்க்கவில்லை. ஒரு பக்கம் ஆனதும் திருப்பினாள். பிறகு முந்தானையில் முடிந்து வைத்திருந்த வாரை எடுத்துப் பிசிர் நீக்கினாள். கையில் கிடைத்த விறகுக் கிளையைச் சாய்வாக ஒரு வெட்டு. வெட்டின முகம் கண்ணாடி மாதிரி இருந்தது.

குசினிக்குள்ளிருந்து சமையல்காரர் எட்டிப் பார்த்தார். சிங்களவர், வயதான மனுஷன். உள்ளே போய்த் தன் மன்னாக் கத்தியை, அந்தப் பெரிய வெட்டுக்கத்தியை, கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். தேங்காயும் பலாக்காயும் விறகும் வெட்டி வாயெல்லாம் பொரிந்துபோயிருந்தது. சுந்தரம்மா அதைத் தூக்கி, முதல் தடவையாகச் சார்ஜனைப் பார்த்தாள். நுனியைத் தொட்டு, "இது மூக்குங்க" என்றாள். பிடியோரத்தைத் தொட்டு, "இது கழுத்து." வாயின் பக்கத்தைத் தடவி, "இதுதான் வயிறு. ஐயா வூட்டுக் கத்திக்கு வயிறே இல்லீங்க. அதான் பொரிஞ்சிருக்கு."

சாலிஹ் நானா அதைச் சிங்களத்தில் சொன்னார். சமையல்காரர், "சரிதான் மாத்தயா, மாசக் கணக்காக நானும் அதைத்தானே சொல்கிறேன்" என்றார். சார்ஜனுக்குச் சிரிப்பு வந்ததா, ஏமாற்றம் வந்ததா, எனக்குத் தெரியாது. கிளையைக் கையில் வாங்கி வெட்டுமுகத்தைப் பார்த்தார். பிறகு, "அப்படியானால் இவன் எதற்குத் தான்தான் தீட்டுகிறேன் என்றான்?" என்று கேட்டார்.

இராமசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

மன்னாக் கத்தியைத் தீட்டி முடிக்கும் வரைக்கும் எங்களை இருத்தி வைத்தார்கள். பிறகு விட்டார்கள், கத்திகளையும் கொடுத்தார்கள். செருப்பைச் சமையல்காரர் கேட்டார், சுந்தரம்மா கொடுத்துவிட்டாள். ஒற்றைச் செருப்பை வைத்து என்ன செய்வது என்று மற்றதையும் அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறினாள். இராமசாமி கத்தி மூட்டையைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தார். பாலத்துக்கு வந்தோம். அங்கே நின்று, "எனக்கு ஒரு தடவ சொல்லிக் குடுத்திருக்கலாமே, புள்ள" என்றார்.

"நீங்க ஒருநாளும் கேக்கலையே" என்றாள் அவள். கோபமில்லை. அதுதான் அந்த மனுஷனை இன்னும் குத்தியிருக்கும்.

எனக்கு ஒரு கவலை இருந்தது. காவல் நிலையத்தில் நடந்தது எங்கள் மூன்று பேருக்கும் சாலிஹ் நானாவுக்கும்தான் தெரியும். லயத்தில் யார் கேட்டாலும், விசாரித்தார்கள், விட்டார்கள் என்று இராமசாமி சொன்னார். அதற்குமேல் சொல்லவில்லை. உயிரைக் கொண்டுவந்து சேர்த்தவள் மறுபடியும் கட்டிலுக்குக் கீழே போய்விடுவாளோ என்று எனக்கு மனசு ஆறவில்லை. என் வாய் அரித்தது. சுந்தரம்மா, "வேணாங்க்கா. அவரு பேரு அவருக்கு" என்று என்னைத் தடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை. பிரட்டுக்களம் பிள்ளைக்காம்பராவுக்கு நேர் எதிரே. ஆண்கள் ஒரு பக்கம், கூடையோடு பெண்கள் ஒரு பக்கம். பனி இன்னும் விலகவில்லை. கணபதி தன் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெருங்குரலில் சொன்னார்: "ராமசாமி, பொலிசுக்குப் போனாலும் ஒங்கைய மறக்கலப்பா! சும்மாவா? பொம்பள கை படாத கத்தின்னா இப்பிடித்தான் இருக்கும்."

இராமசாமி சிரிக்கவில்லை. வீங்கிய உதடு இன்னும் வற்றியிருக்கவில்லை. நான் ஒரு கைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்தேன்.

"நான் தீட்டினதில்ல" என்றார். "ஒரு கத்தியும் நான் தீட்டினதில்ல. ஆறு வருசமா எல்லாம் எம் பொஞ்சாதி தீட்டினது. அவ இல்லாட்டி நான் இன்னிக்கு இங்க நிக்க மாட்டேன்."

கணக்குப்பிள்ளை பேர்ப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். கணபதி வாயிலிருந்த வெற்றிலையை மெல்வதையே மறந்து நின்றார். கத்தியைப் பார்த்தார். பிறகு மேலே, ஆறு வருஷமாக வெட்டி ஆறு வருஷமும் துளிர்த்த மலையைப் பார்த்தார். அவருக்குள்ளே சாஸ்திரம் படாத பாடு பட்டிருக்க வேண்டும். கடைசியில் இராமசாமியை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பி, யாரையும் நேராகப் பார்க்காமல், முணுமுணுத்த மாதிரிச் சொன்னார்: "கழுத்துல மட்டும் கொஞ்சம் இழுக்கிற மாதிரி இருக்கு."

"கழுத்துல ஒன்னும் இல்ல, கணபதிண்ணே!" கூடைகளுக்கு நடுவிலிருந்து சுந்தரம்மாவின் குரல் வந்தது. பிரட்டுக்களத்தில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை. "ஒங்களுக்கு வயித்துலதான் கோளாறு. சாயங்காலம் கொண்டாங்க, பாத்து வுடுறேன்."

முதலில் பெண்கள் சிரித்தார்கள். பிறகு பொன்னையா, பிறகு பழனிமுத்து, கடைசியில் கணபதியே சிரித்துவிட்டார். இராமசாமி மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் கணபதி கத்தியைத் தன் கையாலேயே கொண்டுபோய் அவளிடம் கொடுத்தார். அதற்கு நான் துண்டு எழுதவில்லை.